ஹெல்மெட் நிறைய ஆலங்கட்டி

மாமனார் மெச்ச வேண்டும் என்று மாப்பிள்ளை செய்கிற காரியம் எதுவும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. இதற்குச் சாட்சி தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். நான் இருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். என் மனைவி மைதிலியின் அப்பா சேஷாத்ரி கோபாலபுரத்தில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மழைப் பைத்தியம். நானும் மழைப் பைத்தியம். பெண் பார்க்கப் போன அன்று நாங்கள் இரண்டு பேரும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதில், பெண்ணோடு பேச எனக்கு நேரமே கிடைக்கவில்லை. "நீ என்னைப் பார்த்து சரின்னு சொன்னியா, எங்கப்பா மொட்டை மாடியில வச்சிருக்கற மழைமானியைப் பார்த்து சரின்னு சொன்னியா?" என்று மைதிலி இன்றைக்கும் கேட்கிறாள். (இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாமல் இருப்பவன்தான் நல்ல புருஷன்.)

பைத்தியம் ஒன்றுதான் என்றாலும் கட்சி வேறு. மாமா பழைய கட்சி. காலை எட்டரை மணிக்கு மாடிக்குப் போய் மழைமானியில் தேங்கியதை அளந்து பார்த்து, அக்கம்பக்கத்துக்காரர்களைச் சேர்த்து நாங்கள் நடத்திய வாட்ஸப் குழுவில் போடுவார். விழுந்த மழையைப் பற்றி மட்டும்தான் பேசுவார். நான் புதுக் கட்சி. கைபேசியில் ராடார் படத்தைப் பார்த்து, விழப்போகிற மழையைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். விழுந்த மழை யாரையும் ஏமாற்றாது. விழப்போகிற மழைக்கு அப்படி ஒரு நேர்மை கிடையாது.

அந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் என் மாமியார், "மாப்ளே, நாளைக்கு வடாம் இடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் ராடாரைப் பார்த்து, "தாராளமா இடுங்கோ மாமி. மூணு நாளைக்குப் பொட்டு மழை கிடையாது" என்றேன். மறுநாள் பதினொரு மணிக்கு மாடி முழுக்க வேட்டி விரித்து இட்டிருந்த வடாம் அத்தனையும் கஞ்சியாகிக் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவில் மட்டும், 'கோபாலபுரம், காலை 11 மணி: வடாம் மழை' என்று எழுதினார்.

அந்த வடாமிலிருந்து என் மானத்தை எப்படி மீட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மைதிலி அந்த விஷயத்தைச் சொன்னாள். மாமா வாழ்நாளில் ஆலங்கட்டி மழையைப் பார்த்ததே இல்லையாம்!

முப்பது வருஷம் வகுப்பில் ஆலங்கட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். கரும்பலகையில் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வரைந்து காட்டியிருக்கிறார். கெட்டியாக விழுந்தால் ஆலங்கட்டி, மெத்தென்று நொறுங்கினால் பனிக்குருணை என்று வித்தியாசமெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் எவனாவது ஒரு பையன் எழுந்து, "சார், நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பானாம். "இல்லைப்பா" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைப்பாராம்.

நான் அவரிடமே கேட்டேன். மனிதர் சிரித்தார். "கிண்டியில பெய்ஞ்சதும்பா. ஓடுவேன், கரைஞ்சிருக்கும். அடையாறும்பா. ஆட்டோ பிடிச்சுப் போவேன், தரை காஞ்சிருக்கும். முப்பது வருஷமா அது எனக்கு ஒரு தெரு தள்ளியே பெய்யறது மாப்ளே."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்துவிட்டது. இந்த மனிதர் கையில் ஒரு ஆலங்கட்டியை வைத்துவிட வேண்டும். அதன்பிறகு வடாமாவது ஒன்றாவது!

வாய்ப்பு இரண்டே வாரத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை. தி.நகரில் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராடாரைத் திறந்தேன். மேற்கே ஒரு மேகம் எழும்பியிருந்தது. சாதாரண மேகமா அது! சிவப்புக்கு நடுவில் ஊதா. ஊதாவுக்கு நடுவில் நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு வெள்ளை. அந்த நிறத்துக்கு அர்த்தம் ஒன்றுதான்: பனிக்கட்டி. குழுவில் எழுதினேன்: 'இன்று மாலைக்குள் சென்னையில் ஆலங்கட்டி மழை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!'

ஒரு நிமிஷத்தில் மாமாவின் பதில் வந்தது: 'எழுதி வைத்துக்கொண்டாயிற்று.'

அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையிலும் எனக்கு வடாம் வாசனை அடித்தது. மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். (வயிற்றுவலிக்காரன் படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கியதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.)

மேகம் கிண்டியைத் தாண்டிக் கடலை நோக்கி ஓடியது. நானும் ஓடினேன். ஆழ்வார்பேட்டையில் அதை எட்டிப் பிடித்தேன், மயிலாப்பூரில் விட்டேன். மணி நான்குகூட ஆகவில்லை. எல்லா வண்டியும் விளக்கைப் போட்டுக்கொள்ளும்படி இருட்டிவிட்டது. பட்டினப்பாக்கத்துக்குள் நுழைந்தபோது மழை ஊற்ற ஆரம்பித்தது பாருங்கள், கண் முன்னால் என் ஸ்கூட்டரின் கண்ணாடியே தெரியவில்லை! மீன் கடை வரிசையில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் ஒதுங்கினேன். பக்கவாட்டில் நீலச் சுவர் ஒன்று. கொட்டகைக்குள் மீன் விற்கும் அக்கா ஒருத்தி, கூடையைப் படுதாவால் மூடிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடி இடித்தது. காற்று எதை எதையோ தூக்கிக்கொண்டு போனது. அப்போது தலைக்கு மேலே தகரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம்.

நான் அண்ணாந்து பார்த்தேன். 'டங். டங். டடடடங்.' கொட்டகைக்கு வெளியே ஈரத் தரையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ விழுந்து துள்ளியது. புளியங்கொட்டை அளவில் சில, நெல்லிக்காய் அளவில் சில. கண்ணாடி மாதிரி, பளிங்கு மாதிரி!

"ஆலங்கட்டி!" என்று கத்தினேன். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, மாதச் சம்பளம் வாங்குகிறவன், அந்த இடத்தில் குதித்தேன். நிஜமாகவே இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தேன். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மழையில் பாய்ந்தேன். தகரத்தின் விளிம்பில் உருண்டு வந்ததை ஏந்தினேன். தரையில் கிடந்ததைப் பொறுக்கினேன். தலையில் இரண்டு அடி விழுந்தது. அந்த அடியெல்லாம் எனக்கு அட்சதையாக இருந்தது.

மீன்கார அக்கா என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சார், ஐஸ் பொறுக்கிக்கினு கீற?"

"ஐஸ் இல்ல அக்கா! ஆலங்கட்டி! வானத்துலேர்ந்து விழுது!"

அவள் வானத்தைப் பார்த்தாள். நீலச் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வானத்துலேர்ந்தா?"

"ஆமாம் அக்கா!"

"சரி நைனா. பொறுக்கிக்கோ. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு வுழும்."

அவள் சொன்னபடியே இன்னும் ஐந்து நிமிஷம் விழுந்தது. கடலோரத்து மக்களுக்கு வானிலை ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று நான் நெகிழ்ந்து போனேன். (நெகிழ்ச்சியை இத்துடன் நிறுத்தியிருக்கலாம். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு வந்தேன்.)

இனி ஓட்டம்! ஹெல்மெட்டின் வாயைக் கைக்குட்டையால் மூடி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு பாதத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிளப்பினேன். கரைவதற்குள் கோபாலபுரம் போயாக வேண்டும். லஸ் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

"ஹெல்மெட்டு எங்க?"

"இதோ இருக்கு சார்."

"அத்த தலையில போடுவாங்க. கால்ல இல்ல."

"உள்ளே ஆலங்கட்டி இருக்கு சார். எங்க மாமனார் முப்பது வருஷமா பார்க்கணும்னு ஆசைப்படறார் சார்."

அவர் குனிந்து கைக்குட்டையை விலக்கினார். முகம் மாறிவிட்டது. "நெசமாவே ஆலங்கட்டியா? நானும் பார்த்ததே இல்லியே!" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இன்னாப்பா, உப்புக் கரிக்குது?"

"கடல்லேர்ந்து எழுந்த மேகம் சார்" என்றேன், துளியும் தயங்காமல். அவர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, "போ போ, கரைஞ்சிரப் போவுது" என்று எனக்காகவே எதிர்ச்சாரி வண்டிகளை நிறுத்தி வழி விட்டார்.

கோபாலபுரத்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலிலிருந்தே, "மாமா! மாமா!" என்று அலறினேன். யாருக்கு என்ன ஆச்சோ என்று மைதிலியும் மாமியும் ஓடிவந்தார்கள். பின்னால் மாமா. நான் ஹெல்மெட்டை அவர் முன்னால் நீட்டிக் கைக்குட்டையை எடுத்தேன்.

மாமா உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்தார்.

"மாப்ளே" என்றார். அந்த ஒரு கணத்துக்காக இன்னும் பத்து தடவை அவமானப்படவும் நான் தயார். (ஒரு தடவைக்கே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது தெரியாது.)

அந்தக் கல்லை அவர் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா!" என்றார். இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்.

பிறகு உள்ளேயிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். பூதக்கண்ணாடி வந்தது. காய் நறுக்கும் கத்தி வந்தது. ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தார். "வெங்காயம் மாதிரி அடுக்கு தெரியணுமே மாப்ளே?"

"சின்னக் கல்லுல தெரியாது மாமா."

"உருண்டையா இல்லாம கோணலா இருக்கே?"

"அடிச்ச காத்துல ஒண்ணோட ஒண்ணு மோதி உடைஞ்சிருக்கும்."

"என்னமோ ஒரு வாடை வரதே?"

"கடல் மேகம் மாமா!" இந்த மூன்றாவது பதிலில் அவர் முற்றிலும் சமாதானமாகிவிட்டார். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அந்த அளவு விஞ்ஞானம் போதும். வெள்ளிக்கிழமை என்பதால் மாமி வேறு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார். வாடை அதில் அமுங்கிப் போயிற்று.

கால் மணி நேரத்தில் செய்தி தெருவெல்லாம் பரவி நாலு வீட்டு ஜனங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். மாமா மேசைக்குப் பின்னால் நின்று வகுப்பு எடுத்தார். முப்பது வருஷத்துப் பாடம்! இந்தத் தடவை படம் வரைய வேண்டியதில்லை. "ஒவ்வொரு ஆலங்கட்டிக்கும் நடுவுல ஒரு கரு இருக்கும். தூசியோ, மகரந்தமோ, சின்னப் பூச்சியோ. அதைச் சுத்தித்தான் பனி உறையும்" என்றவர் சட்டென்று நின்றார். பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "மாப்ளே! கரு! இதோ கரு இருக்கு!"

எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு பார்த்தோம். உண்மைதான். ஒரு கல்லுக்குள்ளே மெல்லிசாக, வட்டமாக, லேசான ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒன்று இருந்தது. எதிர் வீட்டுக்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மாமா என் தோளில் கை போட்டு, "இவர்தான் கொண்டுவந்தார், என் மாப்பிள்ளை" என்று சபைக்கு அறிவித்தார். நான் அடக்கமாக நின்றேன். அந்த மாதிரி அடக்கம் அகம்பாவத்தைவிட மோசமானது.

மாமி சும்மா இருப்பாரா? "ஆகாசத்துலேர்ந்து நேரா வந்திருக்கு. கங்கைதானே இது!" என்று கரைந்த நீரை வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்துச் சுவாமி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் உத்தரணியால் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் பயபக்தியோடு உறிஞ்சித் தலையிலும் தடவிக்கொண்டார்கள். நான் இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பிரிட்டோ உள்ளே வந்தார். மாமா வீட்டு மாடியில் குடியிருப்பவர், ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அண்ணன் இன்னும் அங்கே படகு வைத்திருக்கிறார். பொய் சொல்ல வராது, அதிர்ந்து பேசவும் வராது. நல்ல நடுவருக்குரிய குணம்.

"வாங்கோ பிரிட்டோ, உங்க ஊர் ஆலங்கட்டி!" என்றார் மாமா. மாமி அவர் கையிலும் தீர்த்தத்தை விட்டார். பிரிட்டோ மரியாதையாகக் குனிந்து கையை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. மூக்கு மட்டும் லேசாக அசைந்தது.

"தம்பி, இது பட்டினப்பாக்கத்துல எங்க விழுந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"மீன் கடை வரிசையில, ஒரு தகரக் கொட்டகை மேல."

"பக்கத்துல நீல சுவரு இருந்துச்சா?"

"ஆமாம்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ம்" என்றார் பிரிட்டோ. கையில் இருந்ததைக் குடிக்கவும் முடியாமல், கொட்டவும் முடியாமல் நின்றார். மாமா விடவில்லை. அந்த ரோஸ் வட்டத்தைச் சாமணத்தால் எடுத்து அவர் கண் முன்னால் நீட்டினார். "பாருங்கோ, இதுதான் கரு."

பிரிட்டோ அதை வெகுநேரம் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் படுகிற பாடு கன்னத்தில் தெரிந்தது. கடைசியில் நடுவர்தான் ஜெயித்தார்.

"சார், இது சங்கரா."

"என்ன சங்கரா?"

"சங்கரா மீனு சார். அதோட செதிலு. அந்த நீல சுவத்துக்குப் பின்னாடி ஐஸ் உடைக்கிற மெஷின் இருக்கு சார். மீன் மேல போட்ட ஐஸையும் அதுலயே திருப்பிப் போட்டு உடைப்பாங்க. மெஷின் வாயில சாக்கு கட்டி வச்சிருப்பாங்க. காத்துல சாக்கு பறந்து போயிருக்கும். ஐஸ் சுவத்தைத் தாண்டி வந்து விழுந்திருக்கு." பிரிட்டோவுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஒன்று சேர்த்துக்கொண்டார். "நல்ல மீனு சார். காலைல பிடிச்சதுதான்."

முதலில் அசைந்தவர் மாமி. வெள்ளிக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "நான் குளிக்கப் போறேன்" என்றார். ஒரு விநாடிதான். கூடம் காலியாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். சற்று நேரத்தில் தெருவில் நாலு வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சாமணத்தை மேசைமேல் வைத்தார். "ரெண்டு சாப்பிட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பிரிட்டோ, "சாரி தம்பி" என்று பத்தாவது தடவையாகச் சொன்னார். இன்னொரு பக்கம் மைதிலி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டிருந்தாள். வானம் மறுபடியும் கறுத்தது. நான் ராடாரைப் பார்க்கவில்லை. இனி ஜென்மத்துக்கும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

'டக்.'

ஸ்கூட்டர் சீட்டில் என்னவோ விழுந்து தெறித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. 'டக். டக்.' பிரிட்டோ வானத்தைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கோபாலபுரத்தில் ஐஸ் மெஷின் எதுவும் இல்லை.

"தம்பி" என்றார் மெதுவாக. "இது மேலேர்ந்துதான் வருது."

அடுத்த கணம் கொட்டியது பாருங்கள்! பொரி மூட்டையை அவிழ்த்துவிட்டது போல, தெரு முழுக்க, மதில்மேல், மாமரத்தில், எதிர் வீட்டுக்காரர் விட்டுப்போன செருப்புக்குள், வெள்ளை வெள்ளையாக, உருண்டை உருண்டையாக! வாத்தியார் பலகையில் வரைந்த அதே ஆலங்கட்டி! நான் உள்ளே பறந்தேன். குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

"மாமா! ஆலங்கட்டி! நம்ம வாசல்ல!"

உள்ளே தண்ணீர் சத்தம் நின்றது. "போறும் மாப்ளே."

"மாமா, சத்தியமா! நிஜ ஆலங்கட்டி!"

"உங்க வார்த்தையை நம்பி வடாம் போச்சு. ஆசாரம் போச்சு. இனிமே போறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை." மறுபடியும் தண்ணீர் சத்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஒரு தெரு தள்ளியே பெய்தது அவர் வாசலுக்கே வந்திருக்கிறது. அவரோ தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என் பாவத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் மைதிலி விக்கலோடு ஓடிவந்து, "அப்பா! நான் சொல்றேன்ப்பா! வெளியில வாங்கோ!" என்று கத்தின பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

இடுப்பில் ஈரத் துண்டு, தலை நிறைய சோப்பு நுரை. அந்தக் கோலத்தில் என் மாமனார் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை.

வாசலில் வெறும் மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டே நிமிஷக் கூத்து, முடிந்துவிட்டது. தரையில் விழுந்ததையெல்லாம் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"சார்! ஒண்ணு கீது சார்!" பிரிட்டோ செம்பருத்தித் தொட்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பரபரப்பில் அவருடைய ஆசிரியர் தமிழெல்லாம் பறந்து போயிருந்தது. உள்ளங்கையில் ஒரே ஒரு ஆலங்கட்டி, சுண்டைக்காய் அளவு. மாமா கையை நீட்டினார். தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"முதல்ல பிரிட்டோ மோந்து பார்க்கட்டும்" என்றார்.

பிரிட்டோ எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தார். அந்தப் பக்கம் திருப்பி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது.

"வாசனையே இல்ல சார். ஒரிஜினல்!" என்று கையை நீட்டினார்.

கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது.

பிரிட்டோவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மாமா அந்தச் சொட்டை ஒரு விரலால் தொட்டார். "ஜில்லுனுதான் இருக்கு" என்றார். பிறகு எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து போனேன். சிரிக்கிறார்! நுரையெல்லாம் மழையில் கரைந்து வழிய, ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சிரித்தார். மறுநாள் காலை எட்டரைக்குக் குழுவில் எழுதினார்: 'கோபாலபுரம். ஆலங்கட்டி: ஒரு சொட்டு. பரிசோதித்தவர்: பிரிட்டோ.'

அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் அதே வசனம்தான். மாம்பழம் வாங்கிப் போனால், "முதல்ல பிரிட்டோ மோந்து பார்க்கட்டும்." எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தபோதும் அதேதான். பிரிட்டோ நிஜமாகவே மாடியிலிருந்து இறங்கி வந்து கடிதத்தை மோந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கு சார்" என்றார். உறவுக்காரர் கல்யாணங்களில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த சங்கரா மாப்பிள்ளை?" என்று கேட்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

போன வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளை. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மாமா, மாமி, பள்ளிக்கூடத்திலிருந்து விசிலோடு நேரே வந்திருந்த பிரிட்டோ, எல்லோரும் சூழ்ந்து நின்றோம். இப்போது மாமா அந்த வசனத்தைச் சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். பிரிட்டோ ஒரு படி முன்னாலேயே போய், சிரித்துக்கொண்டே குழந்தையின் தலைக்கு மேல் மூக்கைக் கொண்டுபோனார்.

மாமா அவரை ஒரு கையால் விலக்கினார். என் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிரிட்டோ" என்றார். "நீங்க மோந்து முடிக்கறதுக்குள்ள கரைஞ்சு போயிடும்."